செல்லத்தாய்க்குப் போட்ட தரை

1941-ஆம் வருஷம் ஆவணியில், தூத்துக்குடியில் ஒரு பெரிய பஞ்சு வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போன வன்னியபெருமாள், பந்தியில் உட்காராமலே திரும்பி வந்துவிட்டார். கூடப் போன செல்லத்தாயும் சாப்பிடவில்லை. புருஷன் எழுந்து வெளியே போய்விட்ட பிறகு அவள் எப்படி இலை முன்னால் உட்காருவாள்? "என்னாச்சு, வயித்துக்குச் சேரலியா?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

வன்னியபெருமாள் குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் காட்டுப் பக்கத்துக்காரர். பனையேறிக் குடும்பம். இளவயதில் தலைச்சுமையாகக் கருப்பட்டி கொண்டுவந்து தூத்துக்குடித் தெருக்களில் விற்றவர், கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊரிலேயே கீழூர்ப் பகுதியில் ஒரு கடை பிடித்து, கொழும்புக்குத் தோணியில் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றி அனுப்புகிற அளவுக்கு வளர்ந்திருந்தார். செல்லத்தாயும் அதே தேரியில் பிறந்தவள்தான். பாவாடை கட்டின நாளிலிருந்தே பதனீர்க் கலயத்தோடு கொதிக்கிற செம்மணலில் நடந்த கால் அவளுக்கு. குதிகால் இரண்டிலும் வெடிப்பு. ஐப்பசி மழையிலும் மூடாத வெடிப்பு. அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு, "தேரி மண்ணு என்னைய விட்டுப் போவமாட்டேங்கு" என்று சிரிப்பாள்.

கல்யாண வீட்டில் நடந்தது இதுதான். அந்த வீட்டு முன்கூடமான பட்டாசாலை முழுக்க மொசைக் தரை. ஊரில் அப்போது நாலைந்து வீடுகளில்தான் அது இருந்தது. வெள்ளையும் கறுப்பும் சிவப்புமாகச் சின்னச் சின்னக் கல்துண்டுகளைச் சிமெண்டில் குழைத்துப் பாவி, காய்ந்ததும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தரை. மேலே தொங்கின சரவிளக்கு கீழேயும் எரிந்தது. செல்லத்தாய் படியேறினபோது அந்த வீட்டு அம்மாள் வேலைக்காரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். வேலைக்காரி ஒரு சாக்கைக் கொண்டுவந்து போட்டு, "காலத் தொடச்சிட்டு வாங்க" என்றாள். செல்லத்தாய் நன்றாகவே துடைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். ஆனாலும் அவள் பின்னாலேயே வேலைக்காரி ஈரத்துணியோடு குனிந்து, அவள் கால் பட்ட இடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டே வந்தாள். முன்னால் போனவர்களுக்கு அப்படிச் செய்யவில்லை. பின்னால் வந்தவர்களுக்கும் செய்யவில்லை. செல்லத்தாய் திரும்பிப் பார்க்காமல் போய்ப் பெண்களோடு உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் ஜமுக்காளத்தில் இருந்த வன்னியபெருமாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டின பிறகுதான் பேசினார்.

"ஏளா, நம்ம வீட்டுக்கும் அந்தத் தரையப் போடுதேன். நீ அதுல நடக்கணும்."

"எந்தத் தரைய?"

"மொசைக்கு."

செல்லத்தாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பசிக் கிறுக்கா உங்களுக்கு? சாணி மெழுகின தரைக்கு என்ன கொறச்ச வந்துட்டு? என்னையப் போய்க் கண்ணாடி மேல நடக்கச் சொல்லுதியளே!"

பார்த்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் நொந்துபோவாள் என்று நினைத்தார். கடைக்காரர்களுக்குக் கையில் நாலு காசு சேர்ந்தால் வருகிற ஆசை என்றே அவளும் விட்டுவிட்டாள்.

மண் தரைக்குக் குறை இல்லாமலும் இல்லை. கீழூர் மண் உவர் மண். மழை பெய்துவிட்டால் தரைக்குள்ளிருந்து உப்பு பூத்து, மெழுகின சாணியெல்லாம் பொருக்குப் பொருக்காக எழும்பிவிடும். செல்லத்தாய் அதைச் சுரண்டி, மண்ணைக் குழைத்து அடைத்து, கரித்தூளும் சாணியும் கலந்து மறுபடி மெழுகுவாள். மெழுகும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாடுவாள். கிட்டே போனால் நிறுத்திவிடுவாள். அதனால் வன்னியபெருமாள் கிட்டே போகமாட்டார்.

தரை போடலாம் என்று அவர் விசாரித்துக்கொண்டிருந்தபோதே சண்டை இந்தப் பக்கம் வந்துவிட்டது. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அங்கே அவருக்குச் சரக்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்த சிநேகிதர் பொன்னுதுரை, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கட்டின துணியோடு வந்து இவர்கள் வீட்டில்தான் இறங்கினார். சிமெண்ட் என்கிற சரக்கே ஊரில் கண்ணில் படவில்லை. இருந்ததெல்லாம் பட்டாளத்து வேலைக்குப் போயிற்று. பிறகு அரிசிக்கும் பஞ்சம் வந்தது. செல்லத்தாய் கேப்பைக் கஞ்சியைப் பெரிய பானையில் காய்ச்சி, தோணி வேலை இல்லாமல் பசித்துக் கிடந்தவர்களுக்குக் கடை வாசலில் வைத்து ஊற்றினாள். அந்த நெருக்கடியிலேயே ஒரே மகள் அருணாசலவடிவுக்குக் கல்யாணமும் நடந்தது. விருதுநகர் மாப்பிள்ளை. சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்தபோது, சாணித் தரையை நினைத்து வன்னியபெருமாளுக்கு உடம்பு கூசிற்று. செல்லத்தாயோ தரை முழுக்கப் பெரிய கோலம் போட்டு, அவர்களை அதன் நடுவில் உட்காரவைத்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

சண்டை முடிந்தும் இரண்டு வருஷம் காத்திருந்துதான் அவருக்குப் பெர்மிட்டில் சிமெண்ட் கிடைத்தது. சுதந்திரம் வந்த வருஷம். தெருவில் கட்டின கொடிக் காகிதம் கிழியுமுன்னே, கொழும்பில் பங்களாக்களுக்குத் தரை போட்டுப் பழகின சங்கரலிங்கம் கொத்தனாரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கொத்தனார் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சிமெண்ட் சரி அண்ணாச்சி. சலவைக்கல் சில்லுதான் முட்டுப்பாடு. வடக்கேருந்து வரணும்" என்றார்.

"எம்புட்டு நாளாவும்?"

"வந்தாத்தான் சொல்ல முடியும். பாதிக்குப் பாதி வேற ஒண்ணு சேக்கலாம். கடற்கரையில பழைய சலாபத்துச் சிப்பி குமிஞ்சு கெடக்கு பாத்திருப்பிய. முத்தெடுத்துட்டுப் போட்ட சிப்பி. அத ஒடைச்சுக் கலந்தா, தேய்க்கத் தேய்க்க உள்ளுக்குள்ளேருந்து மினுங்கும்."

கடைசியாக முத்துக்குளித்து இருபது வருஷம் ஆகப்போகிறது. அந்தச் சிப்பியைச் சுண்ணாம்புக்குக்கூட இப்போது யாரும் அள்ளுவதில்லை. வண்டிவண்டியாக வந்து பின்முற்றத்தில் குவிந்தது. உடைப்பதற்கு ஆள் விடுகிறேன் என்ற வன்னியபெருமாளைச் செல்லத்தாய் தடுத்துவிட்டாள். அது வரையில் இந்தத் தரைப் பேச்சையே காதில் போட்டுக்கொள்ளாதவளுக்குச் சிப்பியைக் கண்டதும் என்னவோ ஆயிற்று. ஒரு கருங்கல்லை முன்னால் போட்டுக்கொண்டு, சுத்தியலால் தட்டித் தட்டி, சல்லடையில் சலித்துப் பெரிது வேறு, சிறிது வேறு என்று பிரித்து வைத்தாள். விரலெல்லாம் கீறல்.

"முத்தெடுத்தவன்லாம் போய்ச் சேந்துட்டான். தொலி நமக்கு வந்திருக்கு" என்று ஒரு துண்டைப் பிடித்து வெயிலில் காட்டினாள். அது பச்சையும் ரோஸுமாக மின்னிற்று. அவள் முகத்தைப் பார்த்த வன்னியபெருமாளுக்கு, தான் தொடங்கினது வீண்போகவில்லை என்று பட்டது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துவரவில்லை. பின்முற்றத்தில்தான் குளிக்கிற இடம். அங்கேயிருந்து அடுக்களை வழியாகப் பட்டாசாலைக்கு வரவேண்டும்.

"குளிச்சிட்டு வாற வழிய மட்டும் வெறும் சிமெண்டா விட்டுருங்க கொத்தனாரே. ஈரக்கால் புழங்குத எடம்" என்றாள் செல்லத்தாய்.

"அரையும் கொறையுமா அது என்ன வேலை?" என்றார் வன்னியபெருமாள். "பட்டாசாலையில ராணி மாதிரி நடந்துட்டு, அடுக்களைக்குள்ள வந்தா பழைய கதையா? ஒண்ணுபோல போடுங்க. நல்லா மெருகு வையுங்க. மொகம் தெரியணும்."

கொத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செல்லத்தாய், "சரி, அவுக ஆசைப்படி செய்யுங்க" என்று சிப்பி உடைக்கப் போய்விட்டாள்.

கலவை போட்டு, உருளை ஓட்டி, தண்ணீர் கட்டி நிறுத்தி, பிறகு ஆட்கள் குந்தியிருந்து சாணைக்கல்லால் தேய்க்க ஆரம்பித்தார்கள். தேய்த்த தண்ணீர் பால்போல வாசல் வழியாக ஓடித் தெருச் சாக்கடையை வெள்ளையாக்கிற்று. கடைசியில் மெழுகு போட்டுத் துடைத்துக் கொத்தனார் எழுந்து விலகினபோது, தரை முழுக்க, ஓடை மணலில் தண்ணீர் நிற்பதுபோல ஒரு பளபளப்பு. சிப்பித் துண்டுகள் நடக்க நடக்க ஒவ்வொரு பக்கமாகக் கண் திறந்து மூடின.

"நட ளா" என்றார் வன்னியபெருமாள்.

செல்லத்தாய் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரல்களை மடக்கி ஊன்றி, சேற்று வரப்பில் போகிறவள்போல நடந்தாள். பாதித் தூரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்னைய எங்கயோ தள்ளிக்கிட்டுப் போவுதே!" என்று கத்திச் சிரித்தாள். அவரும் சிரித்தார். கொத்தனாரும் சிரித்தார்.

கொஞ்சநாள் அவள் சுவரோரமாகவேதான் நடமாடினாள். பிறகு பழகிற்று. மத்தியான வெக்கையில் வெறுந்தரையில் ஒரு கையைத் தலைக்கு வைத்துப் படுத்து, "ஆத்துல கெடக்க மாதிரி இருக்கு" என்பாள். ஆனால் ஒன்று செய்ய ஆரம்பித்திருந்தாள். குளிக்கும்போது செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்தேய் என்று தேய்த்தாள். வன்னியபெருமாள் அதை ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு இப்படித் தோலை உரிக்கே?" என்றார். "சும்மாதான். தரையில கீறல் விழுந்துறக்கூடாதுல்லா" என்றாள். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

தரையைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் அவரே கூட்டிவந்து காட்டினார். ஒவ்வொரு தடவையும் செல்லத்தாயை அழைத்து, "சிப்பியெல்லாம் இவ ஒடைச்சதுதான்" என்பார். அவள் கதவோரம் நின்று தலையைக் குனிந்துகொள்வாள்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சண்டை ஓய்ந்து மறுபடி கொழும்புக்குப் போய்க் கடை திறந்திருந்த பொன்னுதுரை, முன்தகவல் ஒன்றும் இல்லாமல் பெண்டாட்டியோடு வாசலில் வந்து நின்றார். பட்ட கஷ்டமெல்லாம் தீர்ந்து, புதுத் துணியும் சிரிப்புமாக வந்திருக்கிறார்கள். வன்னியபெருமாளுக்குத் தலைகால் புரியவில்லை. செல்லத்தாய் பின்முற்றத்தில் இருக்கிறாள் என்பது தெரியும். வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் அவர் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தார்:

"ஏளா செல்லத்தாயி! ஓடியா! யாரு வந்திருக்கா பாரு, ஓடியா!"

உச்சியிலும் உள்ளங்காலிலும் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து ஓடிவந்தாள். அடுக்களையைத் தாண்டிவிட்டாள். பட்டாசாலை நிலைப்படியில் கால் வைத்தபோது மூவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். வாய் நிறையச் சிரிப்பு இருந்தது. அடுத்த நிமிஷம் அவள் அங்கே இல்லை. தரையில் கிடந்தாள். கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் உருண்டு வாசல்வரை போயிற்று.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவளேதான் முதலில் சொன்னாள். விருந்தாளிகள் முன்னால் விழுந்துவிட்ட வெட்கத்தில் கையை ஊன்றி எழப் பார்த்தாள். இடுப்பிலிருந்து ஒரு கால் அசையவே இல்லை. அப்போதுதான் அவள் முகம் மாறிற்று.

டாக்டர் வந்து பார்த்தார். தொடையெலும்பு இடுப்போடு சேர்கிற இடத்தில் முறிந்திருக்கிறது, இந்த வயதில் கூடினால் உண்டு, அசையாமல் கிடக்கவேண்டும் என்றார். எலும்பு வைத்தியரும் வந்தார். உளுந்தமாவும் முட்டையும் குழைத்துப் பற்றுப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டை மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் செல்லத்தாய் சேலை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொள்வாள்.

வன்னியபெருமாள் கடைச் சாவியைக் கணக்குப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். வடிவு விருதுநகரிலிருந்து வந்து சில வாரம் இருந்தாள். அவளுக்கு அங்கே மாமியார் படுக்கை, கைக்குழந்தை வேறு. போகத்தான் வேண்டியிருந்தது. அதற்குப்பிறகு செல்லத்தாயைத் தூக்கி உட்காரவைத்தது, துடைத்துவிட்டது, தலை சீவிவிட்டது, அள்ளிக் கொட்டினது எல்லாம் அவர்தான். ஆம்பிளை செய்கிற வேலையா இது என்று அவள் முதலில் அழுதாள். பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயைக் கூப்பிடச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. நாளாக ஆக அவள் கண்ணை மூடிக்கொண்டு அவர் கைக்கு விட்டுக்கொடுத்தாள்.

அவள் விழுந்த மறுநாளே கடையிலிருந்து கருப்பட்டிச் சாக்குகளைக் கொண்டுவந்து வீடு முழுக்க விரித்துவிட்டார். பட்டாசாலை, அறை, அடுக்களை, ஒரு விரல்கடை இடம் விடவில்லை. சாக்கு வாடைக்கு எறும்பு சாரைசாரையாக வந்தது. பார்க்க வந்தவர்கள் மண்டிக்குள் நுழைந்ததுபோல மூக்கைச் சுளித்தார்கள்.

"இதையெல்லாம் எடுங்க" என்றாள் செல்லத்தாய் ஒருநாள். "என்னைய கட்டில்லேருந்து எறக்கித் தரையில போடுங்க. முதுகு வேவுது."

"வேண்டாம் ளா."

"நான் ஒடைச்ச சிப்பியில்லா? நான் பாக்கக்கூடாதா?"

கட்டிலுக்குப் பக்கத்தில், அவள் கிடந்து கைநீட்டுகிற அளவுக்கு மட்டும் சாக்கை விலக்கிப் பாயைப் போட்டு இறக்கினார். அவள் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துத் தரையையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் தவழும்போது, கன்னத்துக்குக் கிட்டே கிடக்கிற ஒவ்வொரு துண்டையும் விரலால் தொடுவாள். "இந்தத் துண்டு கொக்கு நிக்க மாதிரி இல்ல? இது பாருங்க, நம்ம வடிவு சின்னப்பிள்ளையில குப்புறப் படுத்திருப்பாளே, அது மாதிரி." அவர் "ம், ம்" என்பார். அவரால் அந்தத் தரையைக் கண்கொண்டு பார்க்க முடியாது. அவளை மட்டும்தான் பார்ப்பார்.

சித்திரை கழிந்து அனலடிக்கிற ஒரு மத்தியானம், பனைவிசிறியால் அவளுக்கு வீசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்:

"நான் கூப்பிட்டிருக்கக்கூடாது."

செல்லத்தாய் கண்ணைத் திறந்தாள். "நீங்க கூப்பிட்டு நான் என்னைக்கு ஓடி வராம இருந்திருக்கேன்? அன்னைக்குத்தான் புதுசா?"

"இந்தத் தரையே போட்டிருக்கக்கூடாது. நீ வேண்டாம்னு சொன்ன. அந்தப் பஞ்சுக் கடைக்காரன் வீட்டுல..." ஏழு வருஷமாக உள்ளே வைத்திருந்தது. "அந்த வேலைக்காரி உன் பின்னாலேயே... நீ பாக்கல. நான் பாத்தேன்."

வெளியே தெருவில் உப்பு வண்டி ஒன்று கடகடத்துப் போயிற்று.

"பாக்கலன்னு யாரு சொன்னா?" என்றாள். "பின்னால ஈரத்துணி சளக்குச் சளக்குன்னு வருது. எனக்குக் காது இல்லியா?"

வன்னியபெருமாளின் கையில் விசிறி நின்றுவிட்டது. "அப்ப நீ ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீங்க தாங்கமாட்டிய. அங்கனயே சண்டைக்கு நிப்பிய. எனக்கு மட்டுந்தான் தெரியும், நீங்க பாக்கல, அதோட போவட்டும்னு நெனச்சேன்." அவள் அவர் முழங்காலில் கையை வைத்தாள். "எனக்கு அது அன்னைக்குச் சாயந்தரமே மறந்துட்டு. நீங்க இதுக்காகவா இத்தன வருசமா சிமெண்டுக்கு அலைஞ்சிய? அட என் சாமி, முன்னாலயே சொல்லியிருந்தா, எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு காலப் பிடிச்சாவது நிறுத்தியிருப்பேனே."

அவள் அழவில்லை. அவர்தான் சின்னப்பிள்ளைபோல அந்தப் பாயின் ஓரத்தில் நெற்றியை வைத்து அழுதார். அவள் அவர் தலையைத் தடவிக்கொண்டே கிடந்தாள்.

அதற்குப்பிறகு அவள் தேறவே இல்லை. முதுகில் படுக்கைப் புண் வந்தது. ஆடிக் காற்று தொடங்கினபோது நெஞ்சில் சளி கட்டிற்று. ஒருநாள் விடிகாலை, கருப்பட்டிக் காப்பியை ஆற்றி உதட்டில் வைத்தபோது அது உள்ளே இறங்காமல் கடைவாய் வழியாக வழிந்தது. "செல்லத்தாயி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். முதல் தடவையாக அவர் கூப்பிட்டு அவள் வரவில்லை.

கீழூரே திரண்டு வந்தது. பஞ்ச காலத்தில் அவள் கையால் கஞ்சி குடித்த தோணிக்காரர்கள் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். பட்டாசாலையில் அவளைக் கிடத்துவதற்காக யாரோ சாக்குகளையெல்லாம் அள்ளி வெளியே போட்டுவிட்டார்கள். வன்னியபெருமாள் அதைக் கவனிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது, துக்கம் கேட்க வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் வாசலில் தயங்கி, விரலை மடக்கி ஊன்றி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வருவது தெரிந்தது. முதல் நாள் செல்லத்தாய் நடந்த அதே நடை. பத்துச் செல்லத்தாய்கள், இருபது செல்லத்தாய்கள்.

அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் குடங்களோடு திரும்பி வந்தார்கள். குடம் தளும்பிச் சேலையெல்லாம் நனைந்து, சொட்டச் சொட்ட வடிவு முன்னால் வந்தாள். ஈரக்காலோடு படியேறப் போனாள். வன்னியபெருமாள் துள்ளி எழுந்தார். "நில்லு! நில்லு தாயி! எல்லாரும் நில்லுங்க!" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடி, சாக்குகளை வாரி வந்து, வடிவின் காலடியில் ஒன்று, அதற்கு முன்னால் ஒன்று, அதற்கு முன்னால் ஒன்று என்று மண்டியிட்டு விரித்துக்கொண்டே போனார். ஒப்பாரி நின்றுவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பா விரித்த சாக்கின் மேல் வடிவு ஒவ்வொரு அடியாக வைத்துத் தாயிடம் போனாள்.

காரியமெல்லாம் முடிந்து வடிவும் ஊருக்குப் போன பிறகு, அவர் சங்கரலிங்கம் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.

"இதப் பேத்து எடுத்துருங்க கொத்தனாரே."

கொத்தனார் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "பேக்கலாம் அண்ணாச்சி. கல்லும் சிப்பியும் பொடிப்பொடியாத்தான் வரும். அம்மா ஒடைச்சு வச்ச சிப்பி. என் கையால முடியாது. வேற ஆளப் பாருங்க."

அடுத்த சில நாளில் "அம்மி பொளியணுமா, ஆட்டுரல் பொளியணுமா" என்று தெருவில் குரல் கேட்டது. தேய்ந்துபோன அம்மியை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குகிற கிழவி. வன்னியபெருமாள் போய் அவளை வீட்டுக்குள் அழைத்துவந்தார்.

"அம்மி எங்கன இருக்கு சாமி?"

"அம்மியில்ல. இந்தத் தரையக் கொத்தணும்."

கிழவி தரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "தங்கமா மினுங்குத தரைய எவனாவது கொத்துவானா?" என்று எழுந்துவிட்டாள். உளியையும் சுத்தியலையுமாவது கொடுத்துவிட்டுப் போ என்று கெஞ்சி வாங்கிக்கொண்டார்.

குளித்துவிட்டு வருகிற வழியிலிருந்து ஆரம்பித்தார். குந்தியிருந்து, அடிக்கு அடி, அம்மியைக் கொத்துவதுபோலத் தரையைக் கொத்தினார். காலையில் உட்கார்ந்தால் வெயில் சாய்கிறவரை டொக்கு டொக்கு என்று தெருவுக்கே கேட்கும். கை கொப்புளித்து உடைந்து மறுபடி கொப்புளித்தது. பேச்சித்தாய் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். கொத்தின இடத்தில் உள்ளங்காலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். வழுக்காது. இனி இங்கே யாரும் விழமாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அடுக்களையை முடித்து நிலைப்படிக்கு வந்தார். அங்கே ஒரு பெரிய சிப்பித் துண்டின் மேல் உளி விழுந்தது. அது நொறுங்கி வெள்ளை மாவாகிப் பறந்தது. பெரிய துண்டையெல்லாம் பட்டாசாலைக்கென்று அவள் தனியாகச் சலித்து வைத்தது அவருக்குத் தெரியும். கொத்தின கையால் அந்த மாவைக் கூட்டிச் சேர்க்கப் பார்த்தார். விரலில் ஒட்டினதே தவிரச் சேரவில்லை. உளியை அங்கேயே போட்டார். அதற்குமேல் அவரால் ஒரு கொத்தும் போடமுடியவில்லை.

இப்படியாக அந்த வீட்டுத் தரை பின்னால் பாதி சொரசொரப்பும் முன்னால் பாதி பளபளப்புமாக நின்றுபோயிற்று. பார்க்க வருகிறேன் என்றவர்களையும் அவர் வீட்டுக்குக் கூட்டிவரவில்லை. மறுபடி கடைக்குப் போனார். வியாபாரம் நடந்தது. ஆனால் அவரிடம் ஒரு மாற்றத்தைக் கடை ஆட்கள் கவனித்தார்கள். சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் நிற்கிறவனிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால், இருந்த இடத்திலிருந்து குரல் கொடுக்கமாட்டார். முழங்கால் வலியோடு எழுந்து, கல்லாவைப் பூட்டி, அவன் நிற்கிற இடம்வரை நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவார். தெருவில் தெரிந்தவர் போனாலும் அப்படித்தான். எட்டிப் பிடிக்க முடிந்தால் பேசுவார். முடியாவிட்டால் விட்டுவிடுவார்.

1949-ஆம் வருஷம் பொங்கலுக்கு வடிவு பிள்ளையோடு வந்திருந்தாள். அடுக்களையில் அவள் பனங்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தபோது, வன்னியபெருமாள் பட்டாசாலையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

"பேச்சித்தாய் வந்திருக்கா. உன்னையப் பாக்கணுமாம்."

"அதுக்கு நீங்க ஏன் இந்தக் காலோட வரணும் அய்யா?" என்றாள் வடிவு. "அங்கன இருந்தே ஒரு சத்தம் குடுத்தா நான் வரமாட்டேனா?"

"வருவே தாயி" என்றார் அவர். "ஓடி வருவே. அதான்."

வடிவு கரண்டியைக் கீழே வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளைப் பிடித்து, அவர் நடக்கிற வேகத்துக்கே பட்டாசாலைக்குக் கூட நடந்தாள்.